நனைந்த தானியமும் மாணவரின் ஆராய்ச்சியும்



மந்தாரக்குப்பத்தில் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, ஒரு தந்தையும் மகனும் நமக்காகக் காத்து நின்றார்கள். தந்தை கடைத் தெருவில் சிறு வியாபாரம் செய்பவர். மகன் எம்.எஸ்ஸி. வகுப்பில் பௌதிகம், அதாவது இப்போது இயற்பியல் என்கிறார்களே, அந்தப் பாடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர். இருவருக்கும் இடையே சில நாட்களாகப் பேச்சு வார்த்தை சரியில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

விஷயம் இதுதான். படிப்பு முடிவதற்குள் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து, அதை அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. உடன் படிக்கும் சிலர் பணம் கொடுத்து ஆயத்தமான அறிக்கையை வாங்கி விடுகிறார்கள். வரைபடம், கணக்கு, முடிவுரை எல்லாம் அதிலேயே இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் போதும். இந்தப் பிள்ளையோ, "அத்தா, நானே ஒரு கேள்வி எடுத்து நானே அளந்து பார்க்கிறேன்" என்கிறார்.

"நீங்களே சொல்லுங்கள். கடன் வாங்கித்தான் இவனைப் படிக்க வைக்கிறேன். ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு அது வராமல் போனால் மார்க்கு போய்விடும். ஊரெல்லாம் செய்வதைச் செய்துவிட்டுப் போனால் என்ன?" என்று தந்தை கேட்டார். அவருடைய அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து அஞ்சுவது தந்தையின் உரிமை.

"மாமா, நம் தெருவில் பாதி வீடு சாம்பல் கல்லில் கட்டியது. இரவில் சுவர் அனல் வீசுகிறது என்று அம்மா சொல்கிறார்கள். செங்கல் வீட்டில் அப்படி இல்லை என்கிறார்கள். உண்மைதானா என்று அளந்து பார்க்க வேண்டும்" என்றார் மகன்.

அந்தக் கேள்வி நமக்குப் பிடித்திருந்தது. நெய்வேலியில் 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1961-ல் முதல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அந்த நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். எரித்தால் சாம்பல் மிஞ்சுகிறது. அனல் மின் நிலையங்களின் சாம்பலைச் செங்கல் முதலியவை செய்யப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999-ல் அறிவிக்கை வெளியிட்டது. 'ஃபிளை ஆஷ் கல்' என்று நாம் வாங்கி வீடு கட்டுகிறோமே, அது அந்தச் சாம்பலில் செய்ததுதான். ஆக, நாம் வாழும் சுவரைப் பற்றிய கேள்வி அது.

ஆனால் தந்தை கேட்டது பௌதிகம் பற்றியதல்ல; ஒழுக்கம் பற்றியது. ஆகவே அதை இங்கே எல்லோரும் சிந்திக்கும்படி எழுதுகிறோம்.

புதுமை கடமையா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். மாணவர் ஒருவர் உலகில் எவரும் செய்யாததைச் செய்தே தீர வேண்டும் என்று மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. முன்பு ஒருவர் செய்த சோதனையைத் திரும்பச் செய்து, "இன்னார் செய்ததை நானும் செய்து பார்த்தேன்" என்று வெளிப்படையாக எழுதினால் அதில் குற்றம் ஏதுமில்லை. அதுவும் படிப்புதான்.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அறிக்கையின் முன்பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும். இந்த ஆய்வை நானே செய்தேன் என்று மாணவர் அதில் கையெழுத்திடுகிறார். விலைக்கு வாங்கிய அறிக்கையில் அவ்வாறு கையெழுத்திட்டால் அதற்கு என்ன பெயர்? பொய்ச் சாட்சி என்றுதானே பெயர்! பெரும் பாவங்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன நேரத்தில், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். நீதிமன்றக் கூண்டில் நின்று சொன்னால்தான் பொய்ச் சாட்சி, கல்லூரித் தாளில் எழுதினால் இல்லை என்று யார் நமக்குச் சொன்னது?

ஆகவே, புதுமை கடமையன்று, உண்மை கடமை. இந்த இரண்டையும் குழப்பிக் கொண்டதால்தான் தந்தையும் மகனும் பிணங்கி நின்றார்கள்.

"இது துனியாவின் படிப்புத்தானே, இதற்கெல்லாம் மார்க்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்து எழுதினார்கள். சமுதாயத்தில் சிலராவது கற்றிருக்க வேண்டும். ஒருவரும் கற்காவிட்டால் எல்லோர் மீதும் குற்றம் என்பது அதன் பொருள். மனிதர் வாழும் வீட்டின் வெப்பத்தை அளப்பதும் அந்த வரிசைக்கு வெகு தூரமில்லை. நிய்யத்தே அதைத் தீர்மானிக்கும்.

விடை தெரியாத கேள்வியின் பயன்

அப்படியானால், கடமையல்லாத புதுமையை ஒரு மாணவர் ஏன் தேட வேண்டும்? இதற்கு நாம் காணும் காரணம் ஒன்று உண்டு.

கல்லூரிச் சோதனைச் சாலையில் ஊசல் குண்டை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுவார்கள். விடை 9.8 என்று எல்லா மாணவருக்கும் முன்பே தெரியும். 9.3 வந்தால் என்ன செய்கிறார்கள்? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அளவைத் திருத்தி எழுதி விடுகிறார்கள். படித்தவர்களில் பலர் இதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். சிறு பொய்தான். ஆனால் கை அதற்குப் பழகி விடுகிறது.

விடை எந்த நூலின் கடைசிப் பக்கத்திலும் இல்லாத ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டால் இந்தத் தந்திரம் பலிக்காது. எதை நோக்கித் திருத்துவது? அங்கே மாணவருக்கு இருப்பது அவருடைய கண்ணும், கருவியும், அமானத்தும் மட்டுமே. கேள்வி எவ்வளவு சிறியதாயினும் சரி, அது அவரை நேர்மைக்குப் பழக்கும் பள்ளிக்கூடம் ஆகிறது.

அதே இடத்தில் ஆபத்தும் இருக்கிறது. விடை யாருக்கும் தெரியாது என்றால், பொய் எழுதினாலும் எளிதில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பெல் சோதனைக் கூடத்தில் யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் விஞ்ஞானி ஒன்றன்பின் ஒன்றாக வியப்பான கட்டுரைகளை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். வெவ்வேறு பொருள்களில் அளந்ததாகச் சொன்ன வரைபடங்கள் ஒன்று போலவே இருப்பதைச் சிலர் கவனித்தனர். 2002-ல் விசாரணைக் குழு அவர் அளவுகளைப் புனைந்ததை உறுதி செய்தது. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அறிவில் குறைந்தவர் அல்லர் அவர், அமானத்தில் தவறினார்.

நமது நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் பிறர் எழுத்தைக் களவாடி ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கு எதிராக விதிகள் இயற்றியது. எழுத்துக் களவை இயந்திரம் பிடித்து விடும். ஆனால் தனியறையில் வெப்பமானியில் 62 என்று பார்த்துவிட்டு 65 என்று எழுதுபவரை எந்த இயந்திரம் பிடிக்கும்? கிராமன் காத்திபீன் என்ற எழுத்தர் இருவரும் நம் தோள்களில் இருக்கிறார்கள் என்று நம்புகிறவருக்குத்தான் அங்கே தடை உண்டு.

சென்னையில் ஒரு மாணவர்

மாணவப் பருவத்திலேயே சொந்தமாக ஆராய்வது நம் நாட்டில் நடக்கக் கூடியதுதானா என்று ஐயுறுபவருக்கு ஒரு வரலாறு கூறுவோம்.

திருச்சிராப்பள்ளியில் 1888-ல் பிறந்த சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. வகுப்பில் பௌதிகம் பயின்றார். முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளப்பது எல்லா மாணவரும் செய்யும் சாதாரணப் பயிற்சி. அதன் முகத்தில் ஒளி மிகச் சாய்வாக விழுந்தபோது, தோன்றிய ஒளிப் பட்டைகள் இரு புறமும் சமமாக இல்லை என்பதை அவர் கண்டார். வேண்டிய அளவு கிடைத்ததென்று அவர் நகர்ந்து விடவில்லை. இது ஏன் இப்படி இருக்கிறது என்று நின்று, அளந்து, எழுதினார். அந்தக் கட்டுரை லண்டனிலிருந்து வெளிவந்த 'பிலசாபிகல் மேகசின்' என்னும் ஏட்டில் 1906 நவம்பரில் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது 18. எம்.ஏ. தேர்வே மறு ஆண்டில்தான் முடிந்தது.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடப் படிப்பினை மிக்கது. பின்னாளில் அவர் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்த காலத்தில், 1923-ல் அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன் நீரில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தார். எதிர்பாராத ஒரு மங்கிய ஒளி அதில் கூடவே வந்தது. நீரில் ஏதோ அழுக்கு இருக்கும் என்று எண்ணித் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார்கள். அந்த ஒளி போகவில்லை. போகவில்லை என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை. அந்தத் 'தொந்தரவு' ஒளியின் வழியே சென்றுதான் கே.எஸ். கிருஷ்ணனின் துணையுடன் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு தெளிவாயிற்று. 1930-ல் நோபல் பரிசு வந்தது. அழுக்கென்று சொல்லி அந்த அளவைக் குப்பையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆசானும் மாணவரும்

ஒளியைப் பற்றிப் பேசும்போது நம் முன்னோரை நினைக்காமல் இருக்க முடியாது. பஸராவில் பிறந்து, எகிப்தில் வாழ்ந்து, சுமார் 1040-ல் மறைந்த இப்னுல் ஹைதம், ஒளியைப் பற்றிக் 'கிதாபுல் மனாளிர்' என்னும் பெருநூலை எழுதினார். முன்னோர் எழுதியதை ஐயத்தோடு சோதிக்க வேண்டும் என்று சொன்ன அவர், சோதிப்பவர் தம்மையும் அதே போல் ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். இரண்டாம் பாதியைத்தான் நாம் மறந்து விடுகிறோம்.

அதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்குப் பின் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி என்ற மாணவர் இருந்தார். ஒளி வளைவது பற்றி அவருக்கு எழுந்த ஐயங்களைக் கேட்ட ஆசான் குத்புத்தீன் ஷீராஸி அவர்கள், இப்னுல் ஹைதமின் நூலைத் தேடிக் கொடுத்துப் படிக்கச் செய்தார்கள். மாணவர் படித்ததோடு நிற்கவில்லை. பெரிய கண்ணாடி உருண்டையில் நீர் நிரப்பி, அதை ஒரு மழைத் துளியாகக் கொண்டு, இருட்டறையில் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். ஒளி துளிக்குள் நுழையும்போது வளைந்து, உள்ளே ஒரு முறை பிரதிபலித்து, வெளியேறும்போது மீண்டும் வளைவதால் வானவில் உண்டாகிறது என்று காட்டினார். முன்னவரின் நூலை மதித்தார். அதில் விடுபட்டதை நிரப்பினார். மரியாதையும் ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மழையில் நனைந்த கல்

இனி நம் மஹல்லாப் பிள்ளையிடம் திரும்புவோம். தந்தை அரை மனதோடு இசைந்தார். பிள்ளை கல் அறுக்கும் பட்டறையில் சாம்பல் கல்லையும் சூளைச் செங்கல்லையும் மெல்லிய வட்டுகளாக அறுத்து வாங்கினார். கல்லூரிகளில் இருக்கும் லீ வட்டுக் கருவியில் வைத்து அளக்கத் தொடங்கினார். மேலே நீராவி, நடுவில் கல், கீழே பித்தளை வட்டு. மேல் வெப்பமானியும் கீழ் வெப்பமானியும் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து குறிக்க வேண்டும். பொறுமை வேண்டும் வேலை.

சில வாரங்கள் அளவுகள் ஒழுங்காக வந்தன. பிறகு ஒரு நாள் வந்த அளவு எதனோடும் ஒட்டவில்லை. கீழ் வெப்பமானி நிற்கவே மாட்டேன் என்று நகர்ந்துகொண்டே இருந்தது. விசாரித்தால், முந்தைய இரவு பெய்த மழையில் வாசலில் வைத்திருந்த கல் நனைந்திருக்கிறது.

பிள்ளை நம்மிடம் வந்து, "மாமா, அந்த நாளின் தாளைக் கிழித்து விட்டால் மற்றதெல்லாம் அழகாக இருக்கும். பொய் எழுதப் போவதில்லை. எழுதாமல் விடப் போகிறேன், அவ்வளவுதான். தவறா?" என்று கேட்டார்.

நாம் அவருக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டினோம். முஸ்லிம் நூலில் வருவது, அநேகர் அறிந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்லும்போது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வினவ, மழை பெய்து நனைந்து விட்டது என்றார் அந்த வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

சகோதரர்களே! அந்த வியாபாரி பொய் ஏதும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மழை அவர் செய்த குற்றமும் அல்ல. தானியத்தை அவர் கொட்டி விட வேண்டும் என்றும் சொல்லப்படவில்லை. நனைந்ததை மேலே வைக்க வேண்டும் என்பதே கட்டளை. மாணவரின் அறிக்கையும் ஒரு குவியல்தான். அதில் உலர்ந்த அளவும் இருக்கும், நனைந்த அளவும் இருக்கும். நனைந்ததைக் கிழிப்பது கீழே தள்ளி மறைப்பதாகும். தேதியோடு எழுதி, கல் மழையில் நனைந்தது என்று குறித்து, அதைக் கணக்கில் ஏன் சேர்க்கவில்லை என்று காரணமும் சொல்லி விட்டால், குவியல் சுத்தமாகி விடுகிறது.

பிள்ளை அப்படியே செய்தார். பிறகு சிந்திக்கவும் தொடங்கினார். கல்லின் நுண்துளைகளில் உலர்ந்த நிலையில் காற்று இருக்கிறது. நனைந்தால் அங்கே நீர் புகுகிறது. அசையாத காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். மேலும், நீராவியின் சூட்டில் கல்லின் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் வெப்பமானி நிற்பதில்லை. அப்படியானால், சோதனைச் சாலையில் உலர்ந்த கல்லில் எடுத்த எண் மழைக் காலத்தில் ஊறிய சுவருக்குப் பொருந்துமா? பொருந்தாது. இந்த முறையால் ஈரக் கல்லைச் சரியாக அளக்கவும் முடியாது. ஈரத்தின் விளைவு உலகம் அறியாத செய்தியல்ல. ஆனால் தம் அளவு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அவர் தாமே கண்டார். அம்மாவின் கேள்விக்கு முழு விடை தம்மிடம் இல்லை என்றும் ஒளிக்காமல் எழுதினார்.

பலன் குறைந்தால்?

மதிப்பெண் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்வோம். நடுத்தரமாகத்தான் வந்தது. பளபளப்பான அறிக்கையை விலைக்கு வாங்கிய சிலருக்குக் கூடுதலாகக் கிடைத்தது. தந்தை ஒரு வாரம் வருத்தமாக இருந்தார். நேர்மைக்கு உடனே கைமேல் பலன் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டக் கூடாது. பலன் வராத நாளில் அவர்கள் நேர்மையையும் சேர்த்து விட்டு விடுவார்கள்.

தீர்ப்பளிப்பவர் முயன்று சரியான முடிவை அடைந்தால் இரண்டு கூலி, முயன்றும் தவறினால் ஒரு கூலி என்று ஹதீஸ் இருக்கிறது. இது தகுதி பெற்ற அறிஞருக்கு உரியது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். மாணவர் ஆராய்ச்சிக்கு நாம் இதைச் சட்டமாகச் சொல்ல வரவில்லை. ஆயினும் உண்மையான முயற்சியை, அது தவறிய போதும், அல்லாஹ் வீணாக்குவதில்லை என்ற ஆறுதலை இதிலிருந்து பெறலாம். 1887-ல் மைக்கல்சனும் மோர்லியும் வெகு நுட்பமாக ஒன்றைத் தேடி, அது கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள். கிடைக்கவில்லை என்ற அந்த உண்மை, பிற்காலப் பௌதிகத்திற்குப் பெரிய அடிப்படையாயிற்று.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

பெற்றோர்களே! பிள்ளை ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், எத்தனை மார்க்கு வரும் என்று முதலில் கேட்காதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். எல்லாம் சரியாக வந்ததா என்று கேட்பதைவிட, எது சரியாக வரவில்லை என்று கேளுங்கள். வீட்டில் இந்தக் கேள்வி இருந்தால், பிள்ளை தாளைக் கிழிக்க வேண்டிய அவசியம் இராது.

மாணவர்களே! கைக்கு எட்டும் சிறு கேள்வியாக எடுங்கள். வழிகாட்டும் ஆசிரியரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். குறிப்பேட்டில் மையால் எழுதுங்கள். தவறானதை ஒரு கோடு இழுத்து அடியுங்கள், அழிக்காதீர்கள். பெற்றோரின் கஷ்டத்தை மறந்து பெரிய ஆசையில் இறங்காதீர்கள். அவர்கள் உரிமையும் அமானத்தே. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னார்கள். அதனால் அவர்கள் மதிப்பு குறையவில்லை.

சென்ற மாதம் அந்தத் தந்தையைக் கடைத் தெருவில் பார்த்தோம். தராசுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை திறந்திருந்தது. வண்டு விழுந்த அரிசியைத் தனியாக ஒரு முறத்தில் எடுத்து, வாங்குபவர் கண்ணில் படும்படி முன்னால் வைத்திருந்தார். "என் மகன் படித்த படிப்பு" என்று சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.